எங்கள் லோரோங் மாப்பிள்ளை

என் கைப்பேசியில் என் மனைவியின் படங்களைவிட அடுத்த வீட்டுப் பிரேமாவின் படங்கள்தான் அதிகம். இதைச் சொன்ன கையோடு விளக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இன்று எனக்கு வீட்டில் சாப்பாடு கிடையாது. எல்லாப் படத்திலும் பிரேமாவுக்குப் பக்கத்தில் அவள் கணவரும் நிற்கிறார். படம் எடுக்கச் சொன்னவரும் அவர்தான். எடுத்தவன் மட்டும் நான். அதுவும் என் மதியத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எடுத்தேன்.

குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் இருவரும். துணிக்கொடிக்கு அடியில் இருவரும். பிரேமா வாயில் நுரையோடு பல் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் அன்றைய பேப்பரைத் தேதி தெரியும்படி நெஞ்சில் அணைத்தபடி விறைப்பாக நிற்கிறார். ஆளைக் கடத்தி வைத்துக்கொண்டு அனுப்புகிற படம் மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. "தேதி தெரியுதாண்ணே?" என்றுதான் கேட்டார்.

அவர்கள் பாகான் செராய் பக்கம் குடிபோய் மூன்று வருடமாகிறது. அங்கே ஓர் அரிசி ஆலையில் அவருக்கு வேலை. இடமில்லை, இடமில்லை என்று என் போன் தினமும் கத்துகிறது. நானும் என் படங்களைத்தான் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறேன். அவர் படங்களில் கை வைக்க மனம் வரவில்லை.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, எழுதினால் நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று எங்கள் லோரோங்கிலேயே யாருக்கும் புரியாது. லோரோங் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற சாலையில் ஒரு தாமானுக்குள், அதாவது வீட்டு மனைக் குடியிருப்புக்குள், இருக்கிற முட்டுச்சந்து. இருபது வீடு. பாதிக்கு மேல் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், நாங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு இங்கே வந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடாத பழக்கமும் எங்களோடு சேர்ந்து வந்துவிட்டது. மூணாம் லயத்து அக்கா இன்றைக்கும் மூணாம் லயத்து அக்காதான், லயம் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் நிலையம் இருக்கிறது. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அதனால் பஸ்கார அண்ணன்.

மூணாம் லயத்து அக்காவின் ஒரே மகள்தான் பிரேமா. பேரங்காடியில் காசாளர். பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணம் பண்ணி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அக்கா வாசலில் நின்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "மாப்பிள்ளை வந்துட்டாரு! எல்லாரும் வந்து பாருங்க!"

நாங்கள் போய்ப் பார்த்தோம். பலகாரம் சாப்பிட்டோம். பெயரை யாரும் கேட்கவில்லை. அதுதான் சொல்லிவிட்டாரே, மாப்பிள்ளை என்று! அன்றிலிருந்து அவர் சந்துக்கே மாப்பிள்ளை. என் மனைவி அவரை 'மாப்பிள்ளை அண்ணே' என்பாள், இது எந்த முறையில் சேரும் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு 'மாப்பிள்ளை அங்கிள்'. கோடி வீட்டுச் சீனத்து ஆண்டி 'மாபிலை' என்று கூப்பிட்டு வெங்காயத் தாள் கொடுப்பார். பிரேமா அவரை 'இங்க பாருங்க' என்பாள், கோபம் வந்தால் 'இந்தா' என்பாள்.

மாப்பிள்ளையின் குணத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆதாரம். ஊரில் அவர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் செராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஒரே ஒரு காகிதம் இல்லாமல் நிலத்தை இழந்தவர்கள், பென்ஷனை இழந்தவர்கள், உயிரோடு இருந்துகொண்டே செத்துப்போனதாக எழுதப்பட்டவர்கள் எல்லாரும் அவர் கடை வாசலில் உட்கார்ந்துதான் அழுதார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. காகிதம் இல்லாத எதுவும் நடந்ததாகவே அவர் நம்பமாட்டார். நேற்று மழை பெய்தது என்று சொன்னால்கூட "ஆதாரம் இருக்காண்ணே?" என்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் கேட்காமல் விடமாட்டார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் வருடா வருடம் பாஸ் புதுப்பிக்கிற நிலைமையில் வைத்தால் என்ன ஆகும்? மனைவியின் பேரில் இங்கே தங்கியிருக்கிற பாஸ் அது. ஒவ்வொரு ஏப்ரலிலும் முடியும். புதுப்பிக்கப் பிரேமா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்யக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. செய்யலாம் என்று தனியாக எழுதி வாங்க வழி உண்டு, அதையும் வாங்கினார். ஆனால் முதலாளிகள் முதல் வரியைப் படித்ததுமே "பிறகு பார்க்கலாம்லா" என்று பாஸ்போர்ட்டை மூடிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்கில் அவர் வீட்டில் சமைத்தார், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார், சந்தில் உள்ள எல்லாருக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தார். பாரம் நிரப்புவதில் அவருக்கு இருந்த ஆனந்தத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. என் மகளின் பள்ளிப் பாரத்தை நிரப்பியபோது 'வேறு ஏதேனும்' என்ற கட்டத்தில் அவளுக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்று எழுதிவிட்டார்.

ஏப்ரலில் கையெழுத்து என்பதால் மார்ச் மாதம் அவர் மனைவியோடு சண்டையே போடமாட்டார். இது சந்துக்கே தெரியும். பிரேமாவுக்கு நன்றாகவே தெரியும். கழிவறைக் கதவு, ஜன்னல் திரை, பத்து மாதமாகச் சுற்றாத மின்விசிறி எல்லாம் மார்ச்சில்தான் சரியாகும். ஒரு மார்ச்சில் அவர் ஏணி மேல் நின்று சுவருக்கு இளஞ்சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நிறத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"என்ன மாப்ள, கலரு நல்லாருக்கே லா," என்றேன்.

"ரொம்ப நல்லாருக்குண்ணே," என்றார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் பதினெட்டு நாளு."

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் பாஸ்போர்ட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். "இதுல என்னைப் பத்தி என்ன போட்டிருக்கான் பாருங்க. விசிட். வந்து பாத்துட்டுப் போற ஆளு. ஆறு வருஷமா நான் கட்டுன பொண்டாட்டியப் பாத்துட்டுப் போறதுக்கு வந்திருக்கேண்ணே."

ஐந்து வருடம் தொடர்ந்து இருந்துவிட்டால் நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம். கிடைத்தால் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு ஐசி வந்தால் எந்த முதலாளியும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், மார்ச் மாதத்திலும் மனம்விட்டுச் சண்டை போடலாம். அதற்காக அவர் முதல் வருடத்திலிருந்தே ஆதாரம் சேர்க்கத் தொடங்கியிருந்தார். கல்யாணம் உண்மையானதா, பாஸுக்காகச் செய்ததா என்று பார்ப்பார்களாம். யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், போதும் அவருக்கு.

ஒருமுறை ரொட்டி சானாய் சாப்பிட என்னையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை ரசீதை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார்.

"பாய், இதுல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து சாப்பிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரைப் பார்த்தார். "தே தாரிக் ரெண்டு, ரொட்டி நாலுன்னு போட்டிருக்கே, போதாதா?"

"அது யாரு வேணா சாப்பிடலாமே பாய்."

"ஆமா, ஒரே ஆளு ரெண்டு தே தாரிக் குடிச்சாலும் அதே பில்லுதான்லா. நான் ஓட்டல் நடத்துறேன் தம்பி, கல்யாண ஆபீஸா நடத்துறேன்?"

கடைசியில் எழுதிக் கொடுத்தார். எழுதாவிட்டால் மாப்பிள்ளை நகரமாட்டார் என்பது அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரியும். நானும் மேசையில் இருந்ததால் 'மற்றும் ஒருவர்' என்று என்னையும் சேர்த்து எழுதினார் பாய். மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கல்யாண ஆதாரத்தில் மற்றும் ஒருவர் எதற்கு?

போலியாகக் கல்யாணம் செய்தவர்கள் சண்டை போடமாட்டார்கள் என்று இன்னொரு முறை யாரோ சொன்னார்கள். மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. நெற்றியில் சின்னதாக வீக்கம், கையில் நசுங்கிய கரண்டி, முகத்தில் தாங்க முடியாத சந்தோஷம்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. பிரேமா கரண்டிய விட்டெறிஞ்சிட்டா. வீக்கம் வத்துறதுக்குள்ள ஒரு படம் எடுத்துடுங்க."

போய்ப் பார்த்தால் பிரேமா அழுகையும் சிரிப்புமாக நிற்கிறாள். "வேணும்னே என் வாயக் கிண்டுனாருண்ணே! ஒரு மணி நேரமா எங்கம்மா ரசத்தக் குறை சொல்லிக்கிட்டே இருந்தாரு. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது!" படத்தில் கரண்டியை அவளே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். இரண்டாவது கரண்டி அப்போதுதான் பறந்தது. அதையும் எடுத்தேன், கொஞ்சம் கலங்கலாக வந்தது.

மனுப் போடும் நாள் வந்தது. அக்கம்பக்கத்து ஆள் ஒருவர், இவர்களை எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை என்னிடம் வந்தார். என் ஐசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா உங்க பேரு!" என்றார். இருவரும் சிரித்தோம். அப்போதாவது நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூன்று கோப்புகளை அரிசிப் பையில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனார். முகப்பில் இருந்த பெண் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ரசீது, கரண்டி, பல் தேய்த்த படம் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. இரண்டு நாள் அவர் முகமே சரியில்லை. "ஒண்ணக்கூடப் பொரட்டிப் பாக்கலண்ணே," என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் போனால் பெண்ணைப் பெற்றவருக்கு இருக்கும் வருத்தம் அதில் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மதியம் சந்துக்குள் ஒரு கார் வந்தது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர். மாப்பிள்ளையின் வீட்டு வாசலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா குளித்துக்கொண்டிருந்தார், பிரேமா வேலையில், மாப்பிள்ளை வெளியே. அதனால் என் கதவைத் தட்டினார்கள். நான் சட்டையில்லாமல், கண்ணைத் திறந்தும் திறக்காமலும் போய் நின்றேன். ஒருவர் காகிதத்தைப் பார்த்து நீளமாக ஒரு பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தார். இப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா என்று மலாயில் கேட்டார்.

"இல்லை," என்றேன்.

"நிச்சயமாகவா?"

"பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறேன். இந்தச் சந்தில் உள்ள பூனைகளைக்கூட எனக்குத் தெரியும். அப்படி யாரும் இங்கே இல்லை," என்று சொல்லிவிட்டு, சட்டத்துக்கு உதவிய பெருமையோடு போய்ப் படுத்தேன். அவர்கள் சீனத்து ஆண்டியிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை. எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஒருபடி மேலே போய், யாரோ வெளிநாட்டு ஆளைத் தேடுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, இந்தச் சந்தில் வெளிநாட்டுக்காரர் எவருமே கிடையாது என்று சத்தியம் செய்திருக்கிறார். காட்டிக்கொடுக்கக் கூடாதாம்.

கடைசியில் அக்கா ஈரத்தலையோடு வெளியே வந்தார். உங்கள் மருமகன் பெயர் என்ன என்று கேட்டார்கள். தாலி கட்டிய புருஷன் பெயரையே வாயால் சொல்லாதவர் அவர். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்வாரா?

"சொல்லக் கூடாது," என்றார்.

"ஏன் சொல்லக் கூடாது?"

"சொன்னா அவருக்கு ஆகாது."

"சொல்லக் கூடாதென்று உங்களிடம் யார் சொன்னது?"

"எங்க அம்மா."

அவர்கள் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அரை மணி நேரம் கழித்து மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கே போயிருந்தார் என்று நினைக்கிறீர்கள்? போட்டோஸ்டேட் எடுக்க. அக்கா பெருமையாக அவரிடம் சொன்னார். "யாரோ ரெண்டு பேரு உங்க பேரக் கேட்டு மிரட்டுனாங்க மாப்ள. நான் வாயே தொறக்கலையே!"

அவர் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். கத்தவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உங்ககிட்டயும் கேட்டாங்களாண்ணே?"

"கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு வருஷம்ண்ணே," என்றார். "மூணு கோப்பு சேத்தேன். பேர மட்டும் யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்." எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அந்த மனிதரின் மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் இல்லவே இல்லை என்று முதலில் சொன்னவனும் நான்.

ஒருநாள் முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இருபது வீட்டுக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட்டின் படப் பக்கம், பெரிதாக்கி, பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே தமிழ், மலாய் இரண்டிலும் 'இது நான்தான்' என்று எழுதியிருந்தார். சாயங்காலம் வீடு வீடாக வந்து பரீட்சை வைத்தார். கேட்டைத் திறந்ததும் "என் பேரு என்ன?" என்பார். பிள்ளைகள் இரண்டே நாளில் பாடம் பண்ணிவிட்டார்கள். சீனத்து ஆண்டிக்கு முதல் பாதி மட்டும் வந்தது, இரண்டாவது பாதிக்கு வெங்காயத் தாள் கொடுத்து அனுப்பிவிடுவார். நான் என் பாவத்தைக் கழுவ வேண்டும் என்று பஸ் ஓட்டும்போதுகூட அவர் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் முணுமுணுத்தேன். பஸ்ஸில் வந்த பெண்கள் நான் விரதம் இருக்கிறேன் என்று நினைத்தார்கள்.

அக்காதான் அசையவில்லை. "ஆயுசு குறைஞ்சிடும் மாப்ள. பேரு சொல்லித்தான் ஐசி வரணும்னா அந்த ஐசியே வேணாம்." பிரேமா கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையே ஒரு வழி கண்டுபிடித்தார். பெயரைச் சின்ன அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அக்காவின் சாவிக்கொத்தில் கோர்த்துவிட்டார். "யாராச்சும் கேட்டா இதக் காட்டுங்கத்த, போதும்." அக்கா அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணவன், மனைவி, கையெழுத்துப் போட்ட அண்டை வீட்டுக்காரர், மூவரும் நேரில் வர வேண்டும். என் முறை வந்தபோது உள்ளே ஓர் அம்மையார், தலையில் பச்சை முக்காடு, என் கையெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?"

அவர் கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அது முடியும் நாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆறு வருடமாகத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டீர்கள். எங்கள் ஆட்கள் வந்தபோது யாரென்றே தெரியாது என்றீர்கள். இப்போது பாஸ்போர்ட் எண் வரை சொல்கிறீர்கள். என் கணவர் பாஸ்போர்ட் எண் எனக்கே தெரியாது. இதில் எது உண்மை?"

வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. இனிமேல் பாடம் ஒப்பிப்பதில் பயனில்லை. "அப்போது பெயர் தெரியாதம்மா," என்றேன். "உங்கள் ஆட்கள் வந்து போகிற வரைக்கும் யாருக்குமே தெரியாது. நாங்கள் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம்."

"அப்படியென்றால்?"

"மெனந்து," என்றேன். மலாயில் மருமகனுக்கு அதுதான் சொல்.

"யாருக்கு மெனந்து? உங்களுக்கா?"

"எனக்கில்லை. அவருக்கு மாமியார் ஒருவர்தான். ஆனால் எனக்கும் மெனந்துதான். சீனத்து ஆண்டிக்கும்தான். சந்துக்கே மெனந்து."

அம்மையார் என்னையே பார்த்தார். "ஆதாரம் இருக்கிறதா?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்துக் கொடுத்தேன். அவர் படங்களைத் தள்ளத் தொடங்கினார். துணிக்கொடி. குளிர்சாதனப் பெட்டி. பேப்பர். கரண்டி. கலங்கிய கரண்டி. இளஞ்சிவப்புச் சுவர். தீபாவளிக்குச் சந்தில் எல்லாரும் நிற்கும் படம், நடுவில் மாப்பிள்ளை பலகாரத் தட்டோடு. தள்ளித் தள்ளி அவருக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"உங்கள் மனைவி படம் எங்கே?" என்று கேட்டார்.

என்னால் ஒன்றைத்தான் தேடி எடுக்க முடிந்தது. அதிலும் மாப்பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் போனைத் திருப்பிக் கொடுத்தார். "கோப்பெங் பக்கம் என் கம்போங் கிராமத்தில் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அவர் பெயர் எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு போட்டோஸ்டேட் கிடைக்குமா என்று மாப்பிள்ளை கேட்டாராம், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு இரண்டு மார்ச் வந்து போனது. வீட்டுக்கு மேலும் இரண்டு முறை சாயம் அடித்தாயிற்று. மாப்பிள்ளை எதையும் கேட்பதை விட்டுவிட்டார். தபால்கார மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்ச நாள் வாசலுக்கு வருவார், பிறகு அதையும் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளை வாசலில் குனிந்து சாக்கடையில் அடைத்திருந்த இலைகளை வழித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை சேறு. நான் என் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். புதுத் தபால்காரர் ஒருவர் வந்து, கையெழுத்து வாங்க வேண்டிய கடிதத்தை உயர்த்திப் பிடித்து அந்த நீளமான பெயரைச் சத்தமாக வாசித்தார்.

மாப்பிள்ளை தலையைத் தூக்கவே இல்லை. "அப்படி யாரும் இங்க இல்லண்ணே," என்றார்.

அவரே சொன்னார்! தபால்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஆட்டிய கை புரிந்தது. கடிதத்தைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் பேப்பரை எறிந்துவிட்டு எழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். ஆண்டி கேட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பரீட்சை எழுதி எழுதிப் பாடம் பண்ணிய பெயர், எங்கள் ஒருவர் வாயிலும் வரவில்லை.

"மாப்ள! மாப்ள! மாபிலை!" என்றுதான் கத்துகிறோம்.

"என்னண்ணே, இருங்க, கையெல்லாம் சேறு," என்கிறார் அவர். வண்டி சந்து முனையை நெருங்கிவிட்டது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அக்கா ஓடி வந்தார். ஒரு கை இடுப்பைத் தடவியது. சாவிக்கொத்து அங்கே இல்லை. ஒரு கணம் நின்றார். வாயைத் திறந்தார். முன் பெயர், பின் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து, தோட்டத்தில் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பழகிய அந்தக் குரலில், சந்து அதிரக் கத்தினார்.

தபால்காரர் பிரேக் பிடித்தார். மாப்பிள்ளை சேற்றுக் கையோடு மெதுவாக நிமிர்ந்தார். யார் தன்னைக் கூப்பிட்டது என்று சுற்றிலும் பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

கடிதத்தில் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார், நான் படித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன், இப்படி நாலைந்து தடவை. காகிதம் முழுக்கச் சேறாகிவிட்டது. அழுகிறாரா என்று பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார். நானும்தான். ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது வேறு.

"அண்ணே, அத்த என் பேரச் சொன்னாங்களே. ரெக்கார்டு பண்ணீங்களா?"

பண்ணவில்லை. அத்தனை வருடம், அத்தனை படம், அந்த ஒன்றை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

மகளும் மருமகனும் பாகான் செராய்க்குக் கூப்பிட்டும் அக்கா போகவில்லை, இளஞ்சிவப்பு வீட்டிலேயே தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போவார். போன மாதம் அவர் வந்திருந்தபோது, அவருக்கு முன்னாலேயே அக்காவைச் சீண்டினேன். "ஏன்க்கா, அன்னிக்கு மாப்பிள்ள பேர எட்டு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நானா? பேரச் சொன்னேனா? ஆதாரம் இருக்கா?" என்றார்.